மாக்னெட்டோ சோதனையில் இன்ஜின் உதறுகிறதா?

ஆர்வி-6 போல வீட்டிலேயே கட்டிய விமானங்களில் பெரும்பாலும் நான்கு சிலிண்டர் லைகாமிங் இன்ஜின்தான். பிளக்கில் பொறி வரவைக்கும் மின்கருவியான மாக்னெட்டோ இரண்டு; சிலிண்டருக்கு இரண்டாக ஸ்பார்க் பிளக் எட்டு. ஒரு மாக்னெட்டோவில் மட்டும் ஓட்டும்போது நிமிடச் சுழற்சி 175-க்கு மேல் குறைந்தாலோ, இரண்டுக்கும் நடுவே 50-க்கு மேல் வித்தியாசம் வந்தாலோ கிளம்பாதீர்கள்.

முதலில் 2,000 சுற்றில் வைத்து, எரிபொருள் கலவையை மெலிதாக்கி ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். பிளக்கில் படிந்த ஈயம் பல சமயம் இதிலேயே எரிந்துவிடும்.

உதறல் போகவில்லையா? எட்டு பிளக்கையும் கழற்ற அவசரம் வேண்டாம். இன்ஜின் ஆறியதும், உதறும் மாக்னெட்டோவில் மட்டும் சிறிது நேரம் ஓட்டி நிறுத்துங்கள். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் ஒவ்வொரு புகைக்குழாயையும் பாருங்கள். சூடேறாத சிலிண்டரில்தான் கோளாறு. பெரும்பாலும் கீழ்ப்பக்க பிளக்காக இருக்கும், எண்ணெய் வடிந்து சேரும் இடம் அதுதானே. மீட்டரில் அந்த பிளக்கின் மின்தடை 5,000 ஓமுக்கு மேல் காட்டினால் சுத்தம் செய்து பிரயோஜனமில்லை, மாற்றிவிடுங்கள்.

அப்புறம், சாவி ஆஃபில்தானே இருக்கிறது என்று புரொப்பெல்லரைக் கையால் சுற்றிவிடாதீர்கள். சாவியை ஆஃப் செய்ததும் மாக்னெட்டோவைச் செயலிழக்க வைக்கும் எர்த் வயர் அறுந்திருந்தால், சாவியை எடுத்த பிறகும் பிளக்கில் பொறி வரும்.