'மோதி' என்று எழுதாதீர்கள்

கோத்தகிரியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் ட்யூஷன் எடுக்கிறேன். விடைத்தாள் திருத்தும்போது ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும்: 'மோதி'. ஒளி காற்றில் மோதிச் சிதறுகிறது. ஒளி கண்ணாடியில் மோதி வேகம் குறைகிறது. ஃபோட்டான் என்ற ஒளித்துகள் எலக்ட்ரான் மேல் மோதி அதை வெளியே தள்ளுகிறது. மதிப்பெண் குறைப்பதில்லை, நானும் அப்படிப் படித்து வந்தவன்தான். ஆனால் ஒளியும் பொருளும் சந்திக்கும் இடத்தில் நாம் செய்கிற தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு சொல்லில்தான் தொடங்குகின்றன.

அதற்குப் பதில் 'ஆட்டி' என்று வைத்துப் பாருங்கள். ஒளி என்பது ஆடிக்கொண்டே போகும் மின்காந்தப் புலம். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அந்த ஆட்டம் நொடிக்கு 400 முதல் 750 லட்சம் கோடி தடவை. அது ஓர் அணுவைக் கடக்கும்போது அங்கே இருக்கும் எலக்ட்ரான்களையும் அதே தாளத்தில் ஆட்டிவிடுகிறது. ஆடுகிற மின்னூட்டம் சும்மா இருக்காது, தன் பங்குக்குத் தானும் ஒளியைப் பரப்பும். இதைப் பிடித்துக்கொண்டால் மீதியில் பெரும்பகுதி தானாக வந்துவிடும்.

முதலில் நம் மலையின் பெயரையே எடுத்துக்கொள்வோம், நீலகிரி. மேட்டுப்பாளையத்தில் நின்று மேலே பார்த்தால் மலை நீலம். மேலே ஏறி வந்து பார்த்தால் பச்சை. இதற்குக் குறிஞ்சிப் பூவைக் காரணம் சொல்பவர்கள் உண்டு. குறிஞ்சி பூப்பது 12 வருடத்துக்கு ஒரு தடவை, மலை தினமும் நீலம். கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) எண்ணெய் ஆவிதான் காரணம் என்பவர்களும் உண்டு. அந்த மரம் இங்கே வந்து சேர்ந்ததே 19ஆம் நூற்றாண்டில், நீலகிரி என்ற பெயர் அதைவிட ரொம்பப் பழசு. மலைக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கும் காற்றைத்தான் நீங்கள் நீலமாகப் பார்க்கிறீர்கள். காட்டின் இருண்ட பச்சை அதற்குப் பின்னணித் திரை. அடுத்தடுத்த மலைவரிசைகள் தூரம் போகப் போக வெளுத்துக்கொண்டே போவதும் இதனால்தான்: நடுவில் காற்று கூடிக்கொண்டே போகிறது.

காற்றுக்கு ஏன் நீலம் பிடிக்கிறது? வேகமாக ஆட்டப்படும் எலக்ட்ரான் அதிகம் பரப்பும். அதிர்வெண் இரண்டு மடங்கானால் சிதறல் 16 மடங்கு. 400 நானோமீட்டர் ஊதாவை 700 நானோமீட்டர் சிவப்போடு ஒப்பிட்டால் 9 மடங்குக்கும் மேல். அப்படியானால் வானம் ஊதாவாக அல்லவா இருக்க வேண்டும் என்று வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை கேட்டால் எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம். சூரிய ஒளியில் ஊதா குறைவு, நம் கண்ணுக்கும் ஊதாவில் கூர்மை குறைவு. இரண்டும் சேர்ந்து நீலத்தில் நிறுத்திவிடுகின்றன.

தூசுதான் சிதறடிக்கிறது என்று எழுதுவதும் தவறு. தூசே இல்லாத சுத்தமான காற்றும் நீலம்தான். துகள் பெரிதானால் கதை மாறிவிடும். மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வருகிற மூடுபனியின் துளி ஒவ்வொன்றும் 10 மைக்ரோமீட்டர் அளவில் இருக்கும், ஒளியின் அலைநீளத்தைப் போல இருபது மடங்கு. அந்த அளவுக்கு எல்லா நிறமும் ஒன்றுதான், அதனால் வெள்ளை.

மோதலுக்கும் ஆட்டத்துக்கும் என்ன வித்தியாசம், இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றினால், நல்ல வெயில் நாளில் போலராய்டு கூலிங் கிளாஸ் (ஒரு திசையில் ஆடும் ஒளியை மட்டும் உள்ளே விடுவது) ஒன்றோடு தொட்டபெட்டா ஏறுங்கள். சூரியனுக்குச் செங்கோணத்தில் இருக்கும் வானத்தைப் பார்த்துக்கொண்டே கண்ணாடியைச் சுழற்றுங்கள். வானம் இருண்டு இருண்டு வெளுக்கும். ஆடும் எலக்ட்ரான், தான் ஆடும் திசையை நோக்கி ஒளியைப் பரப்பாது, பக்கவாட்டில்தான் பரப்பும். அதனால் அந்தப் பகுதி வானத்திலிருந்து வரும் ஒளி பெரும்பாலும் ஒரே திசையில் ஆடுகிறது. கோலிக்குண்டு மோதித் தெறிப்பதாக நினைத்தால் இந்த இருட்டுக்கு விளக்கம் கிடைக்காது.

போகிற போக்கில் இயற்பியலாளர் சி.வி. ராமன் பற்றியும் ஒன்று. கடல் ஏன் நீலம் என்று கண்டுபிடித்ததற்குத்தான் அவருக்கு நோபல் கிடைத்தது என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். 1921 கப்பல் பயணத்தில் கடலின் நீலம் அவரை யோசிக்க வைத்தது உண்மை. வானத்தின் நிறத்தை நீர் காட்டுகிறது என்ற பழைய கருத்தை அவர் மறுத்ததும் உண்மை. (தண்ணீர் சிவப்பைக் கொஞ்சம் உறிஞ்சுவதும் கடல் நீலத்துக்கு முக்கியமான காரணம்.) ஆனால் 1930 நோபல் வேறொன்றுக்கு, 1928 பிப்ரவரியில் கே.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து கண்டதற்கு. வானத்து நீலத்தில் சிதறிய ஒளி வந்த நிறத்திலேயே போகிறது. ராமன் கண்டதில் மிகச் சிறு பங்கு நிறம் மாறிப் போகிறது, ஏனென்றால் மூலக்கூறு தன் அதிர்வுக்காக ஆற்றலில் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது, அல்லது கொடுக்கிறது. இரண்டையும் குழப்பினால் ராமனின் கண்டுபிடிப்பில் எது புதிது என்பதே காணாமல் போய்விடும்.

இனி கண்ணாடி. எனக்குப் பிடித்த தவறு இது, படித்தவர்களும் செய்வது. ஒளி வெற்றிடத்தில் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர், கண்ணாடியில் 2 லட்சம். ஏன் குறைகிறது? 'ஒவ்வோர் அணுவும் ஃபோட்டானை விழுங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, வெளியே விடுகிறது சார். அந்தத் தாமதம்தான்.' மினிபஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று போகிற மாதிரி. கேட்க அழகாக இருக்கிறது. கணக்குப் போட்டால் உடைந்துவிடும்.

அணு நிஜமாகவே ஒளியை விழுங்கினால், அதைத் திருப்பி விட 10 நானோ நொடி போலப் பிடிக்கும். ஒரு சென்டிமீட்டர் கண்ணாடியில் சுமார் 4 கோடி அணு வரிசைகள். வரிசைக்கு ஒரு தடவை நின்றால் மொத்தம் 0.4 நொடி. தடித்த கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் கை அசைத்தால் நமக்கு அரை நொடி கழித்துத்தான் தெரிய வேண்டும். உண்மையான தாமதம் எவ்வளவு? சுமார் 17 பிக்கோ நொடி, அதாவது ஒரு நொடியை லட்சம் கோடியாகப் பிரித்து அதில் 17 பங்கு. இன்னொரு சிக்கலும் உண்டு. விழுங்கித் துப்பினால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் துப்பும். கண்ணாடி வழியாக எதிர் வீட்டுச் சுவர் தெளிவாகத் தெரியவே தெரியாது, எல்லாம் பால் கலந்த மாதிரி இருக்கும்.

நடப்பது என்னவென்றால், பச்சை ஒளியின் ஓர் அலைநீளத்தைப் பக்கமாகக் கொண்ட ஒரு துளிக் கனசதுரக் கண்ணாடிக்குள் பல நூறு கோடி அணுக்கள் நெருக்கியடித்து இருக்கின்றன. அவை எல்லாவற்றின் எலக்ட்ரான்களும் ஒரே அலையால் ஒன்றுசேர ஆட்டப்படுகின்றன. ஒவ்வொன்றும் ஒரு சிற்றலையைப் பரப்புகிறது. பக்கவாட்டில் போகும் சிற்றலைகள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. நேராகப் போகிறவை வந்த அலையோடு சேர்கின்றன, சேர்ந்த அலையின் முகடு ஒவ்வோர் அடியிலும் கொஞ்சம் பின்தங்குகிறது. அந்தப் பின்தங்கலைத்தான் ஒளிவிலகல் எண் என்கிறோம். கண்ணாடி எலக்ட்ரான்களின் இயல்பான தாளம் புற ஊதாவில் இருக்கிறது. நீலம் அதற்குச் சிவப்பைவிடப் பக்கம், அதனால் நீலம் அவற்றைக் கூடுதலாக ஆட்டுகிறது, கூடுதலாக வளைகிறது. முப்பட்டகம் வானவில் காட்டுவதற்கு இதுவே போதும், தனியாக ஒரு காரணம் தேட வேண்டாம்.

அடுத்தது சுற்றுலா வருபவர்கள் செய்யும் தவறு. 'குளிரா இருக்கு, வெயில் என்ன பண்ணப் போகுது' என்று ஏரியில் நாள் முழுக்கப் படகு விட்டு, சாயங்காலம் மூக்கும் கன்னமும் கன்றிப்போய் வருவார்கள். தோலைக் கன்ற வைப்பது சூடு இல்லை, புற ஊதா. ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் அது சுமார் 10 சதவீதம் கூடும். ஊட்டி 2200 மீட்டருக்கு மேல். மெல்லிய மேகம் அதை அவ்வளவாகத் தடுக்காது. கணப்பு அடுப்பின் முன்னால் மூன்று மணி நேரம் உட்கார்ந்தாலும் இப்படிக் கன்றாது, அங்கே வரும் மொத்த ஆற்றல் அதிகமாக இருந்தாலும்கூட. ஒளி ஆற்றலைக் கொடுப்பது பொட்டலம் பொட்டலமாக, அந்தப் பொட்டலம்தான் ஃபோட்டான். தோலின் டிஎன்ஏவைக் குலைக்க ஒரு பொட்டலம் குறைந்தது இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று உண்டு. புற ஊதாவின் பொட்டலம் 4 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு), சிவப்பில் 2கூட இல்லை. சில்லறை எவ்வளவு குவிந்தாலும் நோட்டு மட்டுமே எடுக்கும் இயந்திரம் வாங்காது. ஆனால் இதை 'எப்போதும்' என்று எழுதிவிடாதீர்கள். லேசரைக் குவித்தால் ஓர் அணு இரண்டு பொட்டலங்களை ஒரே நேரத்தில் வாங்கிக்கொள்ளும். இயற்பியலாளர் மரியா கோப்பர்ட் மேயர் 1931லேயே கணக்கில் காட்டியது. லேசர் வந்த மறுவருடம், 1961ல், அது சோதனையில் தெரிந்தது.

பொட்டலம் என்று சொன்னதும் பிள்ளைகள் மறுபடி கோலிக்குண்டுக்குப் போய்விடுவார்கள். ஒளிமின் விளைவு (ஒளி பட்டு உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளியேறுவது) ஃபோட்டானை நிரூபித்துவிட்டது என்று எழுதுவார்கள். ஐன்ஸ்டைன் 1905ல் சொன்ன விளக்கம் சரிதான், ஆனால் நிரூபணம் அவ்வளவு சுலபம் இல்லை. லாம்ப், ஸ்கல்லி என்ற இயற்பியலாளர்கள் 1960களின் கடைசியில் ஒன்று காட்டினார்கள்: அணுவைக் குவாண்டமாகவும் (ஆற்றலைப் படிப்படியாக மட்டும் ஏற்பதாகவும்) ஒளியை வெறும் அலையாகவும் வைத்தாலும் ஒளிமின் விளைவின் முக்கிய அம்சங்கள் வந்துவிடுகின்றன. அலையால் எந்த வழியிலும் விளக்க முடியாத சாட்சி 1977ல் வந்தது. கிம்பிள், டாகெனைஸ், மாண்டெல் மூவரும் சோடியம் அணுக்கள் விடும் ஒளியை அளந்தார்கள். ஒரு ஃபோட்டானை விட்ட அணு அடுத்ததை உடனே விடுவதில்லை, மறுபடி ஆற்றல் ஏறும் வரை ஓர் இடைவெளி விழுகிறது. எனக்கு ஐன்ஸ்டைன் கதையைவிட இந்த இடைவெளிதான் பிடிக்கும், பரீட்சைக்கு வராது என்றாலும்.

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் மலைச்சரிவில் நிற்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பார்க்கக் கூட்டிப் போனால் இரண்டு தவறுகள் வரிசையாக வரும். முதலாவது, ரேடியோ என்றால் சத்தம் என்பது. இல்லை, அதுவும் ஒளிதான், அலைநீளம் மட்டும் 92 சென்டிமீட்டர். இரண்டாவது: 'கண்ணாடி எங்கே சார்? வெறும் கம்பிதானே இருக்கு, நடுவுல பூந்து போயிடாதா?' வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் எழுப்பி 1970ல் இயங்கத் தொடங்கிய அந்த 530 மீட்டர் நீளக் கருவியில் இருப்பது 1100 மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகள். கம்பிக்குக் கம்பி சில சென்டிமீட்டர்தான் இடைவெளி. அலை கம்பியின் எலக்ட்ரான்களை நீளவாக்கில் ஆட்டுகிறது, அவை பரப்பும் அலைகள் சேர்ந்து முழுப் பரப்பாக அலையைத் திருப்பி அனுப்புகின்றன. 92 சென்டிமீட்டர் அலைக்கு அந்த ஓட்டைகள் ஓட்டையாகவே தெரியாது. மைக்ரோவேவ் அடுப்பின் கதவில் இருக்கும் வலையும் இதே வேலைதான் செய்கிறது. (அந்த அடுப்பு தண்ணீரின் இயல்பான அதிர்வெண்ணில் ஓடுகிறது என்பதும் தவறு. அப்படி ஓடினால் மேலே இருக்கும் தண்ணீரே அலையை உறிஞ்சிவிடும், குழம்பின் மேல்பகுதி மட்டும் கொதித்து உள்ளே பச்சையாகவே இருக்கும்.)

குவாண்டம் என்றாலே வீடியோக்களில் வரும் அந்தப் பேச்சையும் சொல்லிவிடுகிறேன்: 'மனிதன் பார்த்தால் துகள், பார்க்காவிட்டால் அலை. மனசுதான் உலகத்தை உண்டாக்குகிறது.' வியன்னாவில் 70 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள், 2004ல் வெளியானது. குளிர்ந்திருக்கும்போது அவை அலைபோலக் குறுக்கீட்டுப் பட்டைகள் (அலைகள் ஒன்றோடொன்று கலக்கும்போது வருபவை) காட்டின. லேசரால் சூடேற்ற ஏற்ற, அவை வழியிலேயே தாமாக ஒளியை விடத் தொடங்கின, பட்டைகள் மங்கி மறைந்தன. அந்த ஒளியை யாரும் பார்க்கவில்லை. மூலக்கூறு எங்கே இருந்தது என்ற செய்தி ஒளியோடு வெளியே போனதே போதுமானதாக இருந்தது.

கொஞ்சமேனும் சூடு உள்ள எந்தப் பொருளும் தானாக ஒளி விடும் என்பதுதான் எங்கள் ஊர் விவசாயிகளுக்கு மிகவும் வேண்டிய பாடம். ஜனவரியில் தலைக்குந்தா, காந்தல் பக்கம் 'பனி விழுந்துடுச்சு' என்பார்கள். உறைபனி எங்கிருந்தும் விழுவதில்லை. மேகம் இல்லாத இரவில் தேயிலை இலை 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வானத்தைப் பார்த்து விட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த அலைநீளத்தைக் காற்று அதிகம் உறிஞ்சாது, அது நேராக வெளியே போய்விடும், திரும்பி வருவது குறைவு. இலை சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி குளிர்ந்துபோய், காற்றில் இருக்கும் ஈரம் அதன் மேல் உறைகிறது. மேகம் மூடிய இரவில் பயம் இல்லை, மேகம் அகச்சிவப்பை உறிஞ்சித் திருப்பிக் கீழே அனுப்பும்.

போன வருடம் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் நாற்றுகளைச் சுற்றிப் பக்கவாட்டில் சாக்கு கட்டினார், குளிர்காற்று அடிக்காமல் இருக்க. மேலே திறந்தே இருந்தது. விடிகாலை போய்ப் பார்த்தால் எல்லாம் கருகியிருந்தன. ஊட்டி தாவரவியல் பூங்காவில் பூ நாற்றுகளின் மேல் மிலார் என்ற செடியைப் பரப்பி மூடுவார்களே, அதை அவரிடம் சொன்னேன். 'அவ்ளோ ஓட்டையா இருக்கே சார், அது எப்படிக் குளிரைத் தாங்கும்?' என்றார். குளிரைத் தாங்க வேண்டாம் அண்ணா, செடி வானத்தைப் பார்க்காமல் இருந்தால் போதும் என்றேன். சிரித்தார், ஆனால் இந்த வருடம் மேலே மூடியிருக்கிறார்.