சிங்கப்பூரில் அறை எடுக்கப் போகும் சேலத்துக்காரர்களுக்கு

அம்மாப்பேட்டையில் எங்கள் தெருவிலிருந்து மட்டும் எத்தனையோ பிள்ளைகள் சிங்கப்பூர் போய்விட்டார்கள். நானும் அங்கே பல வருடம் வேலை பார்த்துத் திரும்பியவன் என்பதால், கிளம்பும் முன் வந்து விசாரிக்கிறார்கள். எல்லோரும் விமானம், விசா என்றுதான் கேட்கிறார்கள். அறையைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. பணம் போவது அங்கேதான்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குப் போகிறவர்கள் ஐபிஏ கடிதத்தை, அதாவது வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல் கடிதத்தை, அச்செடுத்துக் கையில் வையுங்கள். எஸ்ஜி அரைவல் கார்டு என்ற வருகை அட்டையை, இறங்குவதற்கு முன், இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் குடிநுழைவுத் துறையின் தளத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் போலி. குருமாவுக்கு என்று அம்மா கட்டிக் கொடுக்கும் கசகசா, மெல்லும் புகையிலை, இ-சிகரெட் எதுவும் பெட்டியில் இருக்கக் கூடாது.

சரி, அறைக்கு வருவோம்.

சேலத்தில் வீடு பார்ப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். தரகர் ஒருவர் கூட்டிப் போவார், அட்வான்ஸ் பேசுவோம், வீட்டுக்காரர் மாடியிலோ பக்கத்துத் தெருவிலோ இருப்பார். பத்திரம் எழுதாவிட்டாலும் நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் ஆளைப் பிடித்துவிடலாம். அதே நம்பிக்கையோடுதான் என் அக்கா மகனும் அங்கே போனான். ஈஷூன் என்ற பகுதியில் ஒரு எச்டிபி வீட்டில் அறை. எச்டிபி என்றால் அங்கே அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அது கட்டிய அடுக்குமாடி வீடு. சாவி கொடுத்தவர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். நம் பேச்சு, நம் சாப்பாடு. சமையலுக்கும் தடை இல்லை என்றார். அங்கே பல வீடுகளில் சமைக்கவே விடமாட்டார்கள் என்பதால் அவனுக்கு அது பெரிய விஷயம். ஒரு மாத வாடகையும் ஒரு மாத டெபாசிட்டும் கொடுத்தான். ரசீது கேட்கவில்லை. ஊர்க்காரரிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சம்.

ஒரு நாள் மாலை ஒரு சீனப் பெரியவர் வந்து கதவைத் தட்டியிருக்கிறார். வீட்டின் உண்மையான உரிமையாளர் அவர்தான். ஆத்தூர்க்காரர் அவரிடம் வாடகைக்கு எடுத்து, அதை அறை அறையாகப் பிரித்து மறுவாடகைக்கு விட்டிருந்தார். எச்டிபி வீட்டில் வாடகைக்கு இருப்பவர் மறுவாடகைக்கு விடக் கூடாது, அது விதி. பெரியவர் மேல் தப்பே இல்லை. பிள்ளைகள் பெட்டியோடு வெளியே வந்தார்கள். ஊர்க்காரரின் போன் அணைந்துவிட்டது. அந்த டெபாசிட் என் அக்கா செவ்வாய்ப்பேட்டையில் நகையை அடகு வைத்து அனுப்பிய பணம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அதனால் கேளுங்கள். சாவி கொடுப்பவர் உரிமையாளரா என்பதுதான் முதல் கேள்வி. எச்டிபி வீட்டை வாடகைக்கு விட உரிமையாளர் அந்த வீடமைப்புக் கழகத்திடம் அனுமதி வாங்கி, குடியிருப்பவர்களின் பெயரைப் பதிய வேண்டும். உங்கள் பெயர் அதில் ஏறுமா என்று நேராகக் கேளுங்கள். மழுப்பினால் அடுத்த வீட்டைப் பாருங்கள். முகவர் வந்தால், அவருடைய போன் எண்ணைச் சொத்து முகவர்கள் மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். எச்டிபி வாடகையில் முகவர் உங்கள் டெபாசிட் பணத்தைக் கையில் வாங்கவே கூடாது. பார்க்காத அறைக்கு ஒரு வெள்ளிகூட (சிங்கப்பூர் டாலரை அங்கே அப்படித்தான் சொல்வோம்) அனுப்பாதீர்கள்.

ஒப்பந்தம் எழுதி, முத்திரை வரியும் கட்டுங்கள். மொத்த வாடகையில் 0.4 சதவீதம்தான்: மாதம் 800 வெள்ளி, ஒரு வருடம் என்றால் 38 வெள்ளி. இந்தக் காகிதம் இருந்தால், டெபாசிட்டைத் தராதவர் மேல் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம், வக்கீல் தேவையில்லை. அக்கா மகனிடம் காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. இன்னொன்று: எச்டிபி அறையை ஆறு மாதத்துக்குக் குறைத்து வாடகைக்கு விட முடியாது. பத்து நாள் சுற்றிப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு யாராவது அப்படி அறை தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள்.

அப்புறம், வந்த ஊரைப் பாருங்கள். பலர் நம்மவர்கள் கூடும் லிட்டில் இந்தியாவை, அதாவது தேக்காவை, தாண்டுவதே இல்லை. அங்குள்ள தேக்கா நிலையம் என்ற சந்தையில் மீன், கறிவேப்பிலை, பிரியாணி எல்லாம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் வாட்டர்லூ தெருவுக்கு ஒருமுறை போங்கள். அங்கே கிருஷ்ணன் கோயிலும் சீனர்களின் குவான் இம் கோயிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. குவான் இம்மைக் கும்பிட்ட சீனர்கள் அப்படியே வந்து, கையில் ஊதுவத்தியோடு கிருஷ்ணன் வாசலிலும் நிற்பார்கள். எனக்கு அந்த ஊர் பிடித்துப்போனதே அந்தத் தெருவில்தான். சைனாடவுனில், சௌத் பிரிட்ஜ் சாலையில், தமிழ் முஸ்லிம்கள் கட்டிய ஜாமியா சூலியா பள்ளிவாசலையும் 1827-இல் தொடங்கிய மாரியம்மன் கோயிலையும் சில நிமிட நடையில் பார்த்துவிடலாம். உணவங்காடியில் சாப்பிட்டால் தட்டை நீங்களே எடுத்து வைக்க வேண்டும். மறுபடி மறுபடி விட்டுப் போனால் அபராதம் உண்டு. ரயிலில் தண்ணீர்கூடக் குடிக்காதீர்கள்.

ஆடி வந்தால் மனசு கோட்டை மாரியம்மனிடமும் குகை வண்டி வேடிக்கையிடமும் ஓடிவிடும். எனக்கு ஒவ்வொரு வருடமும் அப்படித்தான் இருந்தது. அங்கே தீமிதி தீபாவளிக்கு முன்னால் வரும். சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலில் கிளம்பும் பக்தர்கள் ஊருக்குள் நடந்தே மாரியம்மன் கோயிலுக்கு வந்து பூக்குழி இறங்குவார்கள். அன்றைக்குச் சில சாலைகளை மூடிவிடுவார்கள். ரயிலில் சைனாடவுன் நிலையத்தில் இறங்கி நடப்பதுதான் வசதி.