ரோஜாச் செடி: முதல் மாதத்தைத் தாண்ட வைப்பது எப்படி?

வாங்கி வந்த ரோஜா பெரும்பாலும் நோய் வந்து சாவதில்லை. முதல் 30 நாளுக்குள் வேரில் வரும் கோளாறுதான் ஆளைத் தீர்க்கிறது. பூவும் மொட்டுமாக வந்த செடி பத்தாம் நாள் இலையை உதிர்க்கும். தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் ஒரு குவளை ஊற்றுவோம். இருபதாம் நாள் தண்டு நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே கீழே இறங்கும். அதனால் இந்தப் பதிவில் பாதி அந்த முதல் மாதத்துக்கே.

ஒரு நாளைக்கு 6 மணி நேரம் நேர் வெயில் விழாத இடம் என்றால் ரோஜா வேண்டாம், வேறு செடி பாருங்கள். காலை வெயில் விழும் இடம் கிடைத்தால் விடாதீர்கள். இலையில் படிந்த பனி சீக்கிரம் காய்ந்துவிடும், பாதி நோய் அண்டாது.

1. செடியைப் பொறுக்குவது

நர்சரியில் பூவைப் பார்த்து மயங்காமல் அடித்தண்டைப் பாருங்கள். விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் ஒட்டுச்செடிகள். மண்ணுக்குச் சற்று மேலே முடிச்சு விழுந்ததுபோல் புடைத்த இடம்தான் ஒட்டு. மேலே இருப்பது நீங்கள் விரும்பிய ரகம், கீழே இருப்பது வேருக்காக வைத்த வேறொரு ரோஜா. ஒட்டிலிருந்து பென்சில் பருமனில் இரண்டு மூன்று தண்டு கிளம்பியிருந்தால் நல்ல செடி. ஒரே தண்டு, ஒல்லியாக, நெட்டையாக, உச்சியில் ஒரு பெரிய பூ என்றால் அங்கேயே வைத்துவிடுங்கள்.

இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். பொடி மணல் தூவியதுபோல் புள்ளியும் மெல்லிய நூலாம்படையும் இருந்தால் செஞ்சிலந்தி. ஒரு செடியோடு அது வீட்டுக்குள் வந்தால் எல்லாச் செடிக்கும் பரவும்.

முதன்முதலாக வளர்ப்பவர்களுக்கு என் ஓட்டு ஃப்ளோரிபண்டாவுக்கு. கொத்துக் கொத்தாகப் பூக்கும், தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். ஹைப்ரிட் டீ தண்டுக்கு ஒரு பெரிய பூ தரும், பார்க்க அழகுதான். ஆனால் அதில் பல ரகங்கள் கரும்புள்ளி நோய்க்குச் சட்டென்று ஆளாகும்.

2. தொட்டியும் மண்ணும்

வாய் அகலமும் ஆழமும் 12 அங்குலத்துக்குக் குறையாத தொட்டி. மினியேச்சர் ரகமென்றால் 8 அங்குலம் போதும். தோட்ட மண் 2 பங்கு, நன்றாக மட்கிய தொழுவுரம் 1 பங்கு, மணல் அல்லது பெர்லைட் (நீர் தேங்காமலிருக்கச் சேர்க்கும் எடையற்ற வெள்ளைக் குருணை) 1 பங்கு. கலவையை ஈரமாக்கி உருட்டிப் பாருங்கள். உருண்டை பிடிக்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். பசபசவென்று ஒட்டினால் இன்னும் கொஞ்சம் மணல் சேருங்கள். தேங்காய் நார்த்தூளை மட்டுமே நிரப்பி ரோஜா வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்து தண்ணீர்க் கணக்கையே குழப்பிவிடும்.

3. களிமண் உருண்டை (பலரும் தடுக்கி விழும் இடம்)

பையைக் கிழித்தால் சில செடிகளில் உதிரி மண் இருக்கும். அப்படியே நட்டுவிடலாம். சிலவற்றில் வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை, காய்ந்தால் செங்கல் மாதிரி. இதை அப்படியே பொலபொலப்பான கலவைக்குள் வைத்தால் ஊற்றும் தண்ணீர் உருண்டையைச் சுற்றிக்கொண்டு ஓடித் துளை வழியே வெளியேறிவிடும். தொட்டி மண் ஈரம், உருண்டைக்குள் வேர் காய்ந்து கிடக்கும். தண்ணீரை அதிகமாக்கினால் களி ஊறிச் சேறாகும், காற்று புகாது, வேர் அழுகும். இரண்டு வழியிலும் இலை மஞ்சளாகி உதிர்வதுதான் நடக்கும், அதனால்தான் காரணம் பிடிபடுவதில்லை.

செய்ய வேண்டியது: வாங்கி வந்ததும் 5 முதல் 7 நாள் பையோடு அரை நிழலில் வையுங்கள். பிறகு ஒரு மாலை வேளையில் பையை நீக்கி, உருண்டையை வாளித் தண்ணீரில் 20, 30 நிமிடம் அமிழ்த்துங்கள். வெளிப்பக்கக் களி வெண்ணெய் போல் வழுக்க ஆரம்பிக்கும். விரல் நுனியால் மேலிருந்து கீழாக வழித்து, வெளிச்சுற்றில் மூன்றில் ஒரு பங்கு, அதிகம் போனால் பாதி எடுங்கள். வெள்ளையாக, நூல் போல வேர் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். அந்த முனைகள் புது மண்ணைத் தொட்டால் போதும், மிச்சக் களிக்குள்ளிருந்து வேர் தானே வெளியே வந்துவிடும்.

பிறகு சேர்த்தது: இதைப் படித்துவிட்டுச் சிலர் குழாயடியில் பிடித்து முழு உருண்டையையும் கரைத்துவிட்டதாக எழுதினார்கள். இலையோடு இருக்கும் செடியில் அப்படிச் செய்யக் கூடாது. தண்ணீரை உறிஞ்சும் நுண்வேர்கள் களியோடு போய்விடும். செய்துவிட்டீர்களென்றால் மேல்பாகத்தைப் பாதியாக வெட்டி, நட்டு, 10 நாள் நிழலில் வையுங்கள்.

4. நடுவது

பூ, மொட்டு எல்லாவற்றையும் கிள்ளிவிடுங்கள். மனசு வராதுதான். வேர் பிடிக்க வேண்டிய சக்தியைப் பூ தின்றுவிடும். ஒட்டைச் சுற்றிப் பிளாஸ்டிக் நாடா இருந்தால் பிளேடால் கீறி எடுங்கள். தண்டு பருக்கும்போது அது கழுத்தை நெரிக்கும்.

ஒட்டு மண்ணுக்கு மேலே 2 அங்குலம் தெரிய வேண்டும். குளிர்காலத்தில் மண் உறையும் ஊர்களில் மட்டும் நேர்மாறு, அங்கே ஒட்டை 2 அங்குலம் புதைப்பார்கள். நட்டதும் அடியில் வழியும்வரை தண்ணீர், ஒரு வாரம் அரை நிழல், பிறகு காலை வெயிலில் ஆரம்பித்துப் படிப்படியாக முழு வெயில்.

முதல் மாதம் எந்த உரமும் கிடையாது. தண்ணீரும் வேளை பார்த்து ஊற்றுவதல்ல. ஆள்காட்டி விரலை முதல் கணு வரை மண்ணில் விடுங்கள், காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். ஊற்றினால் வழிய ஊற்றுங்கள். காலையில், மண்ணில், இலையில் படாமல்.

5. துளிர் வந்த பிறகு

செந்நிறத் துளிர் 3, 4 அங்குலம் நீண்டால் வேர் பிடித்துவிட்டது என்று பொருள். இனி மாதம் ஒருமுறை தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம். தண்டோடு ஒட்டாமல் ஓரமாகப் போட்டு, மேல்மண்ணை ஓர் அங்குலம் கிளறித் தண்ணீர் விடுங்கள். புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் உரக் குறைவு என்று அள்ளிப் போடாதீர்கள். பெரும்பாலும் மண் காரத்தன்மை ஏறி இரும்புச்சத்து எட்டாமல் போனதுதான் காரணம்.

பூ வாடியதும் காம்பை மட்டும் கிள்ளினால் அடுத்த துளிர் ஒல்லியாக வரும். மேலிருந்து இறங்கி, ஐந்து சிற்றிலை கொண்ட முதல் இலையைத் தேடுங்கள். அதன் கணு செடிக்கு வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். அதற்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டுங்கள். அங்கிருந்து அடுத்த பூவுக்கு ஆறேழு வாரம் ஆகும். கத்தரி வாங்கும்போது இரு அலகும் உரசிக் கடந்து வெட்டுவதாகப் பாருங்கள். தட்டையான பட்டை மேல் அலகு வந்து அமுக்கும் வகை பச்சைத் தண்டை நசுக்கிவிடும், நசுங்கிய இடத்திலிருந்து நுனிக்கருகல் தொடங்கும். செடிக்குச் செடி ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்ளுங்கள்.

6. திருட்டுப் போத்து

திடீரென்று ஒரு தண்டு மற்றதையெல்லாம் முந்திக்கொண்டு ஓடும், பூவே வராது. ஏழு சிற்றிலை இருந்தால் அது காட்டுப் போத்து (ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் தண்டு) என்று சொல்வார்கள். அதை முழுசாக நம்ப முடியாது, நல்ல ரகங்களிலும் ஏழு வருவதுண்டு. விரலால் மண்ணை விலக்கி அது எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். ஒட்டுக்குக் கீழே என்றால் வேர்ச்செடியின் போத்து. கத்தரியால் வெட்டினால் அடிக்கணுவிலிருந்து இரண்டாகக் கிளைக்கும். பிடித்துக் கீழ்நோக்கி இழுத்து, அடியோடு பிய்த்தெடுங்கள். ஒட்டுக்கு மேலே என்றால் தொடாதீர்கள், அடுத்த பருவத்துக்கான நல்ல கிளை அது.

7. அடிக்கடி வரும் கேள்விகள்

மொட்டு விரியாமல் ஓரம் பழுப்பாகிறதா? இலைப்பேன். அந்த மொட்டுகளைக் கிள்ளி மூடிய பையில் போட்டுத் தூக்கி எறியுங்கள். லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், அது கரைய 1 மி.லி. திரவ சோப்பு, வெயில் தாழ்ந்த பிறகு வாரம் ஒருமுறை தெளியுங்கள். கரும்புள்ளி இலையைத் தொட்டியிலேயே உதிர விடாதீர்கள், பூஞ்சை அதில்தான் தங்கும்.

இலையெல்லாம் உதிர்ந்துவிட்டதா? தூக்கிப் போடும் முன் நகத்தால் தண்டைச் சுரண்டுங்கள். தோலுக்கடியில் பச்சை தெரியும் இடம் வரை வெட்டிவிட்டு, நிழலில் வைத்து, மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர் விட்டு மூன்று வாரம் காத்திருங்கள். சுரண்டிய இடம் ஒட்டு வரைக்கும் பழுப்பாகவே இருந்தால் அந்தத் தொட்டி காலி, மண்ணை வெயிலில் காயவிடுங்கள்.