உடல் இயலாமை உள்ள பிள்ளையோடு விடுமுறை: பிரித்தானியாவில் உதவிக்காசு கேட்பது எப்படி?

மகள் எட்டு வயது வரை கடலைக் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. அவளுக்குப் பெருமூளை வாதம், நடக்க மாட்டாள். வீல்செயர் உள்ளே போகக்கூடிய அறை, தூக்கிவிட ஹொய்ஸ்ட் என்று தேடினால் மற்றக் குடும்பங்கள் கொடுப்பதைவிடக் கூடவே செலவாகும். அவளைப் பார்க்க ஒருவர் வேலையை விட்டதால் வருமானமும் ஒன்றுதான். உதவி உண்டென்று தெரிந்த பிறகும் இரண்டு வருடம் நாங்கள் கேட்கவில்லை. ‘சுற்றுலா போகக் காசு கேட்பதா’ என்ற கூச்சம்.

உங்களுக்கும் அந்தக் கூச்சம் இருக்கலாம். 1970ஆம் ஆண்டிலேயே நாட்பட்ட நோயாளர், இயலாமை உள்ளோருக்கான சட்டம், உள்ளூர் கவுன்சில் பார்க்க வேண்டிய தேவைகளின் பட்டியலில் விடுமுறைக்குப் போக உதவுவதையும் சேர்த்துவிட்டது. ஆகவே தயங்காமல் கேளுங்கள்.

முதலில் கடிதங்கள்

பிள்ளைக்கு 16 வயது ஆகவில்லை என்றால் டிஎல்ஏ (டிசபிலிட்டி லிவிங் அலவன்ஸ்) என்ற இயலாமை உதவிக்காசை எடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள். ஸ்கொட்லாந்தில் இதற்குப் பதிலாகச் சைல்ட் டிசபிலிட்டி பேமண்ட். குடும்ப வருமானம் பார்த்துக் கொடுக்கும் காசு அல்ல என்பதால் வேலைக்குப் போகிறவர்களும் கேட்கலாம். அந்தக் காசு கிடைத்ததாக வரும் கடிதத்தின் எல்லாப் பக்கங்களையும், குறைந்த வருமானத்துக்கான அரச உதவியான யூனிவர்சல் கிரெடிட் எடுத்தால் அதன் ஸ்டேட்மென்டையும், டொக்டரோ பிசியோதெரபிஸ்டோ தந்த அண்மைக் கடிதத்தையும் போனிலேயே படம் எடுத்து வைத்திருங்கள்.

அடுத்தது ஃபேமிலி ஃபண்ட்

யோர்க் நகரில் இருக்கும் அறக்கட்டளை இது. தலிடோமைட் மருந்தால் கை கால் குறையோடு பிறந்த பிள்ளைகளின் நிலை நாட்டையே உலுக்கிய காலத்தில், 1973இல், அரசின் பணத்தோடு தொடங்கியது. 17 வயது வரையுள்ள பிள்ளை, குறைந்த வருமானம் உள்ள வீடு என்றால் 12 மாதத்துக்கு ஒரு முறை ஒன்லைனில் விண்ணப்பிக்கலாம். துணி துவைக்கும் மெஷின் முதல் குடும்ப விடுமுறை வரை கேட்க முடியும். கையில் காசாகத்தான் வரும் என்று எண்ண வேண்டாம், வவுச்சராகவோ கார்டாகவோ வரலாம். முடிவு வரும்வரை எதையும் புக் செய்யாதீர்கள்.

படிவத்தை எழுதும் விதம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். நம் ஆட்கள் டொக்டரிடமே ‘பரவாயில்லை, சமாளிக்கிறோம்’ என்று சொல்லிப் பழகியவர்கள். படிவத்திலும் அப்படி எழுதினால், வாசிப்பவர் உதவி தேவையில்லை என்றுதான் விளங்கிக்கொள்வார். நல்ல நாளை விட்டுவிட்டு, கஷ்டமான நாளை எழுதுங்கள். இரவில் எத்தனை தரம் எழும்பி அவளைத் திருப்பிவிடுகிறீர்கள்? குளிக்க வார்க்க எத்தனை பேர் வேண்டும்? எல்லோரும் ஒன்றாக வெளியில் போய்ச் சாப்பிட்டது எப்போது? நான் மகனைப் பற்றியும் எழுதினேன். அக்காவைப் பார்க்க வேண்டியிருப்பதால் அவனுடைய பள்ளி விடுமுறைகளும் வீட்டுக்குள்ளேயே போய்விடுகின்றன. அதை எழுதும்போது அழுகை வந்தது. ஆனாலும் எழுதியது சரி.

கவுன்சிலிடம்

இங்கிலாந்தில் 2011 முதல் ஒவ்வொரு கவுன்சிலும் பராமரிப்பவர்களுக்குக் கொஞ்சம் ஓய்வு தரும் ‘ஷோர்ட் பிரேக்ஸ்’ தன்னிடம் என்னென்ன உண்டு என்று அறிக்கை வெளியிட வேண்டும். இணையத்தில் கவுன்சில் பெயரோடு அந்தச் சொல்லைத் தேடுங்கள். அப்புறம், இயலாமை உள்ள பிள்ளைகளுக்கான பிரிவுக்கு, பிள்ளையின் தேவைகளையும் பராமரிக்கும் உங்கள் தேவைகளையும் மதிப்பிடும்படி ஈமெயில் அனுப்புங்கள். 1970ஆம் ஆண்டுச் சட்டத்தையும் விடுமுறையையும் அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். பிள்ளையின் மதிப்பீட்டை 45 வேலை நாட்களுக்குள் முடிக்க வேண்டும். போனில் மட்டும் கதைத்தால் பிறகு காட்ட ஒன்றும் இருக்காது.

குடும்பங்கள் விடுமுறை போக உதவும் ஃபேமிலி ஹொலிடே சாரிட்டி என்ற அறக்கட்டளையும் உண்டு. அதற்கு நீங்களே விண்ணப்பிக்க முடியாது. ஆசிரியர், சோஷியல் வேர்க்கர், ஹெல்த் விசிட்டர் போன்ற ஒருவர் உங்களுக்காகக் கேட்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் வாய் திறந்து கேளுங்கள்.

போகும் வழிச் செலவு

ரயிலுக்கு டிசேபிள்ட் பெர்சன்ஸ் ரெயில்கார்ட். 5 முதல் 15 வயதுப் பிள்ளைக்கு வழக்கமான சிறுவர் கட்டணம்தான், ஆனால் கூட வரும் ஒரு பெரியவருக்கு மூன்றில் ஒரு பங்கு குறையும். காரில் போனால், இயலாமை உள்ளோருக்கான பார்க்கிங் அட்டையான புளூ பாட்ஜை மறக்க வேண்டாம். கடற்கரை ஊர்கள் பலவற்றில் மணலில் ஓடும் பெரிய சக்கர வீல்செயரை இரவல் தருகிறார்கள், முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

உதவி கிடைத்துவிட்டதா? அறைக்கு டிபாசிட் கட்ட முன்னர் போன் எடுங்கள். ‘வீல்செயர் வசதி உண்டு’ என்ற ஒரு வரியை நம்பி நாங்கள் ஓரிடத்துக்குப் போய், குளியலறைக் கதவுக்குள் நாற்காலி நுழையாமல் மூன்று நாளும் மகளைத் தூக்கிக்கொண்டே திரிந்தோம். கதவின் அகலம் எத்தனை சென்டிமீட்டர், ஹொய்ஸ்டின் கால் போகக் கட்டிலுக்கு அடியில் இடம் இருக்கிறதா, குளிக்கும் இடத்தில் படி உண்டா என்று கேட்டு, பதிலை ஈமெயிலில் அனுப்பச் சொல்லுங்கள்.