போர்னியோவில் காட்டுப் பாலூட்டிகளைப் பார்ப்பது எப்படி?

காட்டு விலங்குகளைப் பார்ப்பதற்கென்றே வெளிநாடு போகிற ஆசை இருந்தால், நான் கைகாட்டுவது போர்னியோ தீவிலுள்ள மலேசியாவின் சபா மாநிலம். சென்னையிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து சண்டகானுக்கு இன்னொரு விமானம், அவ்வளவுதான். சபாவுக்குத் தனிக் குடிநுழைவுச் சோதனை உண்டு, அதனால் உள்நாட்டு விமானம்தானே என்று பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிடாதீர்கள்.

ஒரு வாரத்தில் ஐந்து இடம் என்று திட்டம் போட்டால் எதையும் ஒழுங்காகப் பார்க்க முடியாது. இரண்டு இடம் போதும்: கினபாத்தாங்கன் ஆறு, அப்புறம் டேனம் பள்ளத்தாக்கு அல்லது டெராமகோட் காடு. ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று இரவு தங்குங்கள். இங்குள்ள பாலூட்டிகளில் பல இருட்டிய பிறகுதான் நடமாடும் என்பதால் பயணத்தை இரவுக் கணக்கில்தான் போட வேண்டும். சண்டகான் அருகே செப்பிலோக்கில் 1964 முதல் இயங்கும் ஒராங்குட்டான் மறுவாழ்வு மையத்தைப் பாருங்கள், தப்பில்லை, ஆனால் அதைக் காட்டில் பார்த்ததாகக் கணக்கு வைக்காதீர்கள்.

கினபாத்தாங்கனில் சுக்காவ் அல்லது பிலிட் கிராமத்தில் தங்கி, மாலை நான்கு மணிக்குப் படகில் ஏறுங்கள். போர்னியோவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத நீள்மூக்குக் குரங்குகள் அந்த நேரத்தில்தான் ஆற்றோர மரங்களுக்குத் தூங்க வரும். பெரிய ஆண் குரங்கின் மூக்கு வாயை மறைத்துத் தொங்கும், இலையைக் கடிக்கும்போது சில சமயம் கையால் அதை ஒதுக்கிக்கொள்ளும். பைனாக்குலரில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போவதே தெரியாது. யானைக் கூட்டமும் இந்தக் கரையில் கிடைக்க வாய்ப்புண்டு. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு பாருங்கள்: இத்தனை விலங்குகள் கரையோரம் இவ்வளவு எளிதாகத் தென்படுவதற்கு ஒரு பெரிய காரணம், பின்னால் இருந்த காட்டைப் பாமாயிலுக்கான செம்பனைத் தோட்டம் விழுங்கி ஒரு துண்டு நிலத்தை மட்டும் மிச்சம் வைத்திருப்பதுதான். எனக்கு அங்கே மகிழ்ச்சியும் வருத்தமும் சேர்ந்தேதான் வரும்.

ஒராங்குட்டானுக்கு, போய் இறங்கியதும் வழிகாட்டியிடம் கேட்க வேண்டிய கேள்வி, “இப்போது எந்த அத்தி மரம் பழுத்திருக்கிறது?” என்பது. பழம் இருக்கும் மரத்தடியில் காத்திருப்பது காடெல்லாம் அலைவதைவிட மேல். அது பெரும்பாலும் தினமும் மாலையில் புதிதாகக் கூடு கட்டித்தான் படுக்கும், ஆகவே கூடு கட்டுவதைப் பார்த்துவிட்டால் மறுநாள் விடியும் முன்பே அதே மரத்தடிக்குப் போய்விடுங்கள். நம் சளியும் காய்ச்சலும் அதற்குத் தொற்றும், எனவே பத்து மீட்டருக்குள் நெருங்க வேண்டாம். உடம்பு சரியில்லையென்றால் அன்றைக்குப் போகவே வேண்டாம்.

இரவுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. டெராமகோட் மரம் வெட்டும் காடுதான், ஆனால் பார்த்துப் பார்த்து வெட்டுகிறார்கள், பொறுப்பாகப் பராமரிக்கும் காடுகளுக்குத் தரும் எஃப்எஸ்சி சான்றிதழ் 1997-லேயே அதற்குக் கிடைத்தது. முன்கூட்டியே வனத்துறை அனுமதி வாங்கி, பிக்கப் வண்டியின் பின்னால் நின்றபடி காட்டுச் சாலையில் மெதுவாகப் போக வேண்டும். டார்ச்சை இடுப்பளவில் பிடித்தால் பாதி கண்களைத் தவறவிடுவீர்கள். உங்கள் கண்ணுக்குப் பக்கத்திலேயே பிடியுங்கள், அப்போதுதான் விலங்கின் கண்ணில் பட்டுத் திரும்பும் ஒளி நேராக உங்களிடம் வரும். ஒளியை வேகமாக வீசாமல் மரத்தின் நடுக்கிளையிலிருந்து உச்சிவரை நிதானமாக நகர்த்துங்கள். நம் கடவூர்த் தேவாங்கின் உறவான போர்னியோ தேவாங்கு, மரநாய், பறக்கும் அணில், தரையில் சருகுமான் என்று ஒவ்வொன்றாக வரும். போர்னியோவில் ஐந்து வகைக் காட்டுப் பூனைகள் உண்டு, அவற்றில் பெரியதான படைச்சிறுத்தையைத் தேடித்தான் பலரும் இங்கே வருகிறார்கள். அது கிடைக்காமல் போகலாம், அதற்காக வழிகாட்டியை நெருக்காதீர்கள். விலங்கு தெரிந்ததும் வெளிச்சத்தை அதன் கண்ணிலிருந்து விலக்கிவிடுங்கள், ஃபிளாஷ் கூடவே கூடாது.

8x42 பைனாக்குலர், உதிரி பேட்டரி, மழைக்கோட்டு, அட்டைப்பூச்சி கடிக்காமல் தடுக்க முழங்கால்வரை வரும் காலுறை, இவை கட்டாயம். டேனத்தில் அட்டைகள் அதிகம், கடித்தால் பதற வேண்டாம், விரல் நகத்தால் ஓரத்தில் நெம்பி எடுத்துவிட்டு நடையைத் தொடரலாம்.