50 மீட்டர் ஓஸ், கடைசில தண்ணியே வரல: எப்படி சரியாச்சு
தோட்டம் நீளம்னு 50 மீட்டர் ரப்பர் ஓஸ் போட்டா கடைசி வாழைக்குப் போறப்ப தண்ணி நூல் மாதிரிதான் வருது. டேங்க் வால்வைக் கழட்டிக் கழுவியாச்சு, ஓஸ்ல மடிப்பு இருக்கும்னு வெயில்ல நீட்டிப் போட்டாச்சு, ஒண்ணும் ஆகல. டேங்க் 10 மீட்டர் உயரத்துல இருந்தாத்தான் ஒரு பார் பிரஷர், எங்களுது அதுல பாதி கூட இல்ல, இருக்கிறதையும் அரை இன்ச் ஓஸ் தின்னுடுது. சரின்னு முக்கால் இன்ச் மாத்துனோம் (கடைல சொல்ற அளவு உள் விட்டமான்னு கேட்டுக்கோங்க), அப்பவும் லேசாத்தான் கூடுச்சு, மண்டை காஞ்சு போச்சு.

அப்புறம் ஓஸை உருவிட்டு வெறும் குழாய்லயே பக்கெட் வச்சுப் பாத்தா அதுவே மெதுவாத்தான் நிறையுது! குழாய் அரை இன்ச், அதுல மாட்டுன பிளாஸ்டிக் நிப்பிள் ஓஸுக்கு உள்ள போறதால அதோட ஓட்டை சுண்டு விரல் கூட நுழையாத சைஸ், யாரும் அதைப் பாக்கவே மாட்டாங்க. குழாயைத் தூக்கிட்டு டேங்க் லைன்லயே முக்கால் இன்ச் பால் வால்வு, அகல ஓட்டை உள்ள பித்தளை நிப்பிள், கிளாம்ப் போட்டோம், இப்ப வாழைப் பாத்தி நல்லா நிரம்புது.

வாங்குறப்ப நடுவுல நூல் பின்னல் உள்ள ஓஸா எடுங்க, சும்மா ரப்பர்னா சீக்கிரம் மடியும். இன்னொண்ணு, முக்கால் இன்ச்ல 50 மீட்டருக்கு உள்ள நிக்கிற தண்ணி மட்டுமே 14 கிலோ, வடிச்சுட்டு இழுங்க.