சின்சில்லா போட்டி: நடுவர் ஏன் உரோமத்தை ஊதிப் பாக்கிறார்?

கனடாவிலயோ லண்டனிலயோ இருக்கிற பிள்ளையள் சின்சில்லா (அடர்ந்த, மெதுமையான உரோமமுள்ள, எலி இனத்துச் சின்னப் பிராணி) வளர்த்துப் போட்டிக்குக் கொண்டுபோகினமெண்டால் இதைச் சொல்லிவிடுங்கோ.

முதலில நிறவாரியாப் பிரிச்சு, சின்னக் கூடுகளைப் பக்கத்தில பக்கத்தில வைச்சு, வெள்ளை ரியூப் லைற் வெளிச்சத்தில ஒப்பிடுவினம். சாம்பல் நிறத்தில நீலச் சாயல் தெரிய வேணும். மஞ்சள் அடிச்சால் பின்தங்கும். நடுவர் மெல்ல ஊதினால் உரோமம் விரிஞ்சு அடியில கருஞ்சாம்பல், நடுவில வெள்ளை, நுனியில கறுப்பு எண்டு பட்டை பட்டையாத் தெரியும். அந்தப் பட்டை கூராப் பிரிஞ்சு நிக்கோணும். பிறகு அடர்த்தி, உடற்கட்டு.

கூடுதலாப் பிழைக்கிறது ஆயத்தத்தில. குளிப்புத் தூள் (சின்சில்லா தண்ணிக்குப் பதிலா உருண்டு குளிக்கிற நுண்ணிய தூள்) உரோமத்துக்குள்ள தங்கினால் நிறம் மங்கும், அதால நல்லாச் சீவி எடுக்க வேணும். தண்ணியில கழுவவே கூடாது. ஒரு மயிர்க்குழியிலயே 50க்கு மேற்பட்ட இழை. ஈரம் லேசில காயாது, பூஞ்சை பிடிக்கும். இறுக்கிப் பிடிச்சால் பயத்தில உரோமம் கொத்தாக் கழண்டுவிடும், திரும்ப வளர மாதக்கணக்காகும். வாலின்ர அடியில பிடிச்சு, மற்றக் கையால உடம்பைத் தாங்குங்கோ.

யாழ்ப்பாணத்தில வளர்க்கிற யோசனையெண்டால், ஏசி இல்லாமல் வேண்டாம். 25 பாகைக்கு மேல போனாலே வெக்கை அதுக்கு ஆபத்து.